லேபிளில் இல்லாத கையெழுத்து

ஒயின் லேபிளில் ஓவியம் என்று யார் எழுத ஆரம்பித்தாலும் முதல் பத்தியிலேயே பிக்காஸோ வந்து உட்கார்ந்துவிடுவார். பிரான்ஸின் பொர்தோ வட்டாரத்தில், பொயாக் என்கிற சின்ன ஊரில் இருக்கிறது ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற திராட்சைத் தோட்டம். அவர்கள் தங்களுடைய 1973ஆம் ஆண்டு ஒயினின் லேபிளில் பிக்காஸோவின் ஓவியம் ஒன்றை அச்சிட்டார்கள். மதுக் கடவுளின் ஆட்டம் பாட்டத்தை அவர் வரைந்த படம். அந்த ஏப்ரலில்தான் பிக்காஸோ இறந்திருந்தார். ஜூனில் தோட்டத்துக்குப் பதவி உயர்வு. 1855இல் போட்ட தரவரிசையில் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டு, நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தக் காயத்தோடு இருந்த மூத்தோனை முதல் வரிசைக்கு ஏற்றும் ஆணையில் அப்போதைய விவசாய அமைச்சர் ழாக் ஷிராக் கையெழுத்துப் போட்டார். கதையாகச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். அந்த ஒயின் சுமார். 1973 பொர்தோவுக்கு நல்ல ஆண்டு கிடையாது. கொடியில் காய்ப்பு அதிகம், அறுவடை நேரத்தில் மழை, சாறு நீர்த்துப்போனது. குடிப்பதற்காக அதை இன்று யாரும் தேடி அலைவதில்லை. லேபிளுக்காக அலைகிறார்கள்.

பிக்காஸோவோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, ஒயின் கலையாகிவிட்டது என்று முடிக்கிறவர்களோடுதான் சண்டை. லேபிள் என்பது முதலில் ஒரு வாக்குமூலம். இது எந்த மண், எந்த வருஷம், யார் செய்தது, தப்பாக இருந்தால் யாரைப் பிடிப்பது என்று சொல்வதற்காக ஒட்டப்பட்ட காகிதம். இத்தனையும் சொல்லிவிட்டு மேலே எதை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்றைக்கு நடப்பது வேறு. படம் வளர்ந்துகொண்டே போகிறது. வாக்குமூலம் பின்பக்கத்து எறும்பு எழுத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

இரண்டு வருஷம் முன்பு அலுவலக நண்பர்களோடு நாசிக் பக்கம் போனபோது, ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆன ஓர் ஒயின் தோட்டத்தின் சுவைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். விளக்கிச் சொல்ல வந்த பையன் கெட்டிக்காரன். லேபிளை வரைந்த ஓவியர் எந்த ஊர், எங்கே படித்தார், அந்த மயிலின் கழுத்துக்கு ஏன் அந்த நீலம் என்று இருபது நிமிஷம் பேசினான். பழம் எந்தக் கிராமத்திலிருந்து வருகிறது, ஒயினை யார் செய்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தான். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, 'எங்கள் பங்குதாரர் விவசாயிகள்' என்றான். பெயர்? அது தெரியாது சார். மயிலுக்கு இருந்த விவரம் மனுஷனுக்கு இல்லை. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குக் கொடுத்த தாளில் அவ்வளவுதான் இருந்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. நிரலின் எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று காட்டிவிடும். பழி சொல்வதற்கான கட்டளை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது உடைந்தால் அதைத் தட்டித்தான் ஆளைப் பிடிப்போம். ஆனால் யாரோ ஒருவர் ஆறு வருஷம் முன்பு எழுதிவிட்டுப் போன அழகான பத்து வரியைப் பார்த்து, யாருடா இது என்று வியக்கும்போதும் அதே கட்டளைதான். பழியும் பாராட்டும் ஒரே குழாயில்தான் வருகின்றன. ஒன்றை அடைத்தால் இன்னொன்றும் நின்றுவிடும். இந்தப் பழக்கத்தோடு பார்ப்பதால்தான் மூத்தோன் கதையில் எனக்குப் பிக்காஸோவைவிட 1924 முக்கியமாகப் படுகிறது.

அந்தக் காலத்து பொர்தோ வியாபாரம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தோட்டக்காரர் ஒயினைச் செய்வார், பீப்பாயில் ஊற்றுவார், பொர்தோ நகரத்து வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார். அதை முதிர வைப்பது, பாட்டிலில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் வியாபாரியின் வேலை. நடுவில் என்ன நடக்கும் என்பது வியாபாரியின் மனசாட்சியைப் பொறுத்தது. ஒயின் வலுவில்லாமல் இருந்தால் ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாஜ் ஒயினைக் கலந்து கெட்டியாக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதாரணம். அப்படிக் கலப்பதற்கென்றே பிரெஞ்சில் ஒரு வினைச்சொல் இருந்தது. ஒரு குற்றத்துக்குத் தனி வினைச்சொல் உருவாகிவிட்டால் அது குற்றமாக இல்லாமல் வழக்கமாகிவிட்டது என்று அர்த்தம்.

1922இல் பிலிப் த ரோத்ஷில்ட் தோட்டப் பொறுப்புக்கு வருகிறார். வயது 20. கார் பந்தயம், நாடகம், பாரீஸ் என்று திரிந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. 1924இல் அவர் ஒரு முடிவெடுத்தார்: அந்த ஆண்டு விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைப்பது. இனி உள்ளே இருப்பதற்குத் தோட்டமே பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கிறது. அதுவரை ஒயின் சீக்கிரமே கைமாறி, அதோடு பணமும் வந்துகொண்டிருந்தது. இனி எல்லாம் வீட்டிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். வைக்க இடம் இல்லை. அதனால் 1926இல் ஷார்ல் சிக்லி என்ற கட்டடக் கலைஞரை வைத்து 100 மீட்டர் நீளத்தில் ஒரு பீப்பாய்க் கூடம் கட்டினார்கள். இன்றும் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கூடத்தின் அழகைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அது அழகுக்காகப் பிறந்ததில்லை. பொறுப்பேற்றதன் விலையாகக் கட்டிய கோடவுன்.

லேபிள் இந்த முடிவின் வாலாகத்தான் வந்தது. நாங்களே அடைக்கிறோம் என்றால் அதை ஊருக்குச் சொல்ல ஒரு முகம் வேண்டுமில்லையா? ழான் கார்லு என்ற போஸ்டர் ஓவியரிடம் போனார்கள். 18 வயதில் விபத்தில் வலது கையை இழந்து, இடது கையால் வரையப் பழகியவர். குடும்பச் சின்னமான ஐந்து அம்புகளையும் ஓர் ஆட்டுத் தலையையும் க்யூபிஸப் பாணியில் வெட்டிப் பொருத்தினார் (மூத்தோன் என்றால் பிரெஞ்சில் ஆடு). கோட்டை மாளிகையின் கறுப்பு வெள்ளைச் சித்திரத்தையே லேபிளாகப் பார்த்துப் பழகிய உலகத்துக்கு அது அடாவடியாகத் தெரிந்தது. ஓவியர் லேபிள் அப்போது நிலைக்கவில்லை, கைவிட்டுவிட்டார்கள். பாட்டிலில் அடைக்கும் முடிவைக் கைவிடவில்லை. இன்று பொர்தோவில் பெயருள்ள எந்தத் தோட்டமும் தன் முதன்மை ஒயினை வேறொருவர் அடைக்க விடுவதில்லை. படம் போனது, பொறுப்பு நின்றது. மூத்தோனைப் பார்த்து லேபிள் செய்கிறவர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

ஓவியர்கள் திரும்பி வந்தது 1945இல். இடைப்பட்ட காலத்தில் பிலிப்புக்கு என்ன நடந்தது என்பதை லேபிள் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடும். அவர் யூதர். விஷி அரசு அவர் சொத்தைப் பறித்தது, கைதுசெய்து அடைத்தது. வெளியே வந்தபின் தப்பித்து இங்கிலாந்துக்குப் போய் த கோலின் படையில் சேர்ந்தார். மனைவி எலிசபெத்தை கெஸ்டபோ பிடித்துப் போனது. அவர் பிறப்பால் கத்தோலிக்கர். ராவன்ஸ்ப்ரூக் முகாமில் 1945 மார்ச்சில் இறந்தார். அந்த மே மாதம் பொர்தோவில் பனி விழுந்து துளிர்கள் கருகின. மிஞ்சியது கொஞ்சம். அதற்குப் பிறகு கடும் வெயில். அந்தக் கொஞ்சப் பழத்திலிருந்து வந்த ஒயின் நூற்றாண்டின் மகத்தான ஒயின்களில் ஒன்று என்பதில் அநேகமாக யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிலிப் ஜூலியன் என்ற இளம் ஓவியர் சர்ச்சிலின் V எழுத்தை இலைகளோடு வரைந்து கொடுத்தார். 'வெற்றியின் ஆண்டு' என்ற சொற்களும் உண்டு.

அந்த லேபிளின் படத்தை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். V எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே, இந்த அறுவடையில் எத்தனை பாட்டில் வந்தது, அதில் இது எத்தனையாவது என்று எண்கள் இருக்கின்றன. மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்து தோட்டத்தைத் திறந்தவர் பாட்டில்களை எண்ணி எழுதியிருக்கிறார். அந்த V அந்த எண்களின் மேல் நிற்பதால்தான் எனக்கு அது விளம்பரமாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் ஓர் ஓவியர். கொக்தோ, ப்ராக், தாலி, ஹென்றி மூர், மிரோ, ஷகால், வார்ஹால், பேக்கன். 2004க்கு அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் நீர்வண்ணம். 2009க்கு மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். 2021க்குச் சிவப்பு நூல்களால் அறைகளை நிரப்புகிற ஜப்பானியக் கலைஞர் சிஹாரு ஷியோட்டா. நல்ல பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் லேபிளின் மேலே ஓவியரின் கையெழுத்து, கீழே குடும்பத்தின் கையெழுத்து. நடுவில் அந்த வருஷம் ஒயினைச் செய்தவரின் பெயர் எங்கே?

இது ஏதோ நவீன காலத்து முற்போக்குக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். பிலிப் தோட்டத்துக்கு வந்த அதே 1922இன் நவம்பரில் எகிப்தில் ஹோவர்ட் கார்ட்டர் துத்தன்காமூனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளே இருந்தவற்றில் எழுத்துப் பொறித்த 26 ஒயின் ஜாடிகளும் உண்டு. மையால் எழுதிய குறிப்புகள்: மன்னரின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தோட்டம், நதியின் எந்தக் கிளை, ஒயினைச் செய்த தலைமைத் தோட்டக்காரர் யார். அவர்களில் ஒருவர் பெயர் காய். (திராட்சைக்காரருக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.) 3,300 வருஷத்துக்கு முன்னால் ஓர் அரசனின் கல்லறைக்குள் ஒரு தோட்டக்காரரின் பெயர் போயிருக்கிறது. யாரும் அவரைக் கௌரவிக்க எழுதியிருக்கப்போவதில்லை. ஒயின் புளித்திருந்தால் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்குப்பிள்ளைப் புத்திதான் காயை இன்று வரை கொண்டு வந்து சேர்த்தது.

நம் பக்கத்தில் அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல், மூத்தோனில் அந்த V அறுவடை நடந்த அதே ஆண்டில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் மார்டிமர் வீலர் தோண்டினார். மத்தியதரைக் கடலிலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்வதற்கு மண்ணிலிருந்து வந்த சாட்சி. கூடவே இத்தாலியின் அரெட்சோவில் செய்த சிவப்புக் கிண்ணங்களின் ஓடுகள். சிலவற்றின் அடியில் குயவர் முத்திரை. அந்த முத்திரையை வைத்துத்தான் அந்த ஓடு எந்தக் காலம் என்று சொல்ல முடிந்தது, அதை வைத்துத்தான் நம்முடைய ஒரு துறைமுகத்துக்கே காலம் கணிக்க முடிந்தது. ஒருவன் தன் வேலையின் அடியில் தன் பெயரைக் குத்திவைத்ததால் இன்னொரு கண்டத்தின் வரலாற்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

அழகைப் பற்றிய பேச்சில் ஏன் கணக்கைக் கொண்டு வருகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு ரூடி குர்னியவானின் வழக்கைச் சொன்னேன். இந்தோனேசியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இளைஞர். பழைய அபூர்வ ஒயின்களை ஏலத்தில் கொண்டுவந்து கொட்டினார். பணக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், குடித்தார்கள், உருகினார்கள். 2012 மார்ச்சில் எஃப்.பி.ஐ. கலிஃபோர்னியாவில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டுக் கட்டாக லேபிள்கள், கார்க்குகள், கலவைக்கான பாட்டில்கள். அச்சுத் திறமையில் குறையே இல்லை. நாக்கு எத்தனையோ பேரைக் கைவிட்டது. அவர் மாட்டியதில் பெரும்பங்கு ஒரு வாக்குமூலத்தின் பிழைக்கு. 2008இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்த பட்டியலில் பொன்சோ என்ற பர்கண்டிக் குடும்பத்தின் க்ளோ சான்-தெனி ஒயின், 1945 முதல் 1971 வரை. அந்தக் குடும்பம் அந்த நிலத்தின் ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1982இல். லொரான் பொன்சோ விமானம் ஏறி வந்து ஏலத்தை நிறுத்தினார். லேபிளின் அழகு பொய்யைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதிலிருந்த ஆண்டும் இடமும் பெயரும்தான் காட்டிக் கொடுத்தன. அதையும் கண்டுபிடித்தது விமர்சகர் இல்லை, செய்தவர். 2014இல் குர்னியவானுக்குப் பத்து வருஷம் சிறை.

சரி, இன்னொரு கட்சிக்கு வருவோம். மனிதர்கள் கண்ணாலும் குடிக்கிறார்கள், நல்ல ஓவியம் நல்ல மனநிலையைத் தருகிறது, அதில் என்ன தப்பு? தப்பில்லை. ஆபத்து உண்டு. 2001இல் பொர்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினைச் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயத்துக்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களைக் கொண்டு அதை வர்ணித்தார்கள். ஒயினே பாடமாகப் படிக்கிறவர்கள். கண் நாக்கை இவ்வளவு சுலபமாக இழுத்துக்கொண்டு போகும் என்றால், கண்ணுக்குத் தீனி போடுகிறவர் நாக்குக்குக் கூடுதலாகப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரம் கூடாது. பிரான்ஸில் 1991இன் எவான் சட்டம் விளம்பரத்தின் வாயைப் பெரும்பாலும் கட்டியிருக்கிறது. இப்படி எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போது திறந்திருக்கிற ஒரே ஜன்னல் லேபிள். அதில் ஓர் ஓவியரைக் கொண்டுவந்து நிறுத்துவது கலைச்சேவை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூத்தோனின் 1993ஐப் பாருங்கள். பல்துஸ் வரைந்த பென்சில் கோடு: ஆடையில்லாத ஒரு வளரிளம் பெண். அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. (எதிர்ப்பு நியாயமானது என்பது என் கட்சி. ஒரு சிறுமியின் உடம்பு பாட்டிலுக்கு அலங்காரம் இல்லை.) அமெரிக்காவுக்குப் போன பாட்டில்களில் ஓவியம் இருந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். ஒயின் விற்றது. சேகரிப்பாளர்கள் இரண்டையும் வாங்கினார்கள், படம் உள்ளதும் வெற்றிடம் உள்ளதும். ஓவியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்லாவில் ஒரே சத்தம். கலைதான் இந்த ஒயினின் ஆன்மா என்று சொல்கிறவர்கள் அந்தக் காலி இடத்தைப் பற்றி ஒருமுறையாவது எழுதலாம்.

கூலி பற்றியும் பேச வேண்டும். மூத்தோனில் ஓவியருக்குப் பணம் கிடையாது; ஒயின் பெட்டிகள்தான். அவர் வரைந்த ஆண்டின் பெட்டிகள் கொஞ்சம், முதிர்ந்த பழைய ஆண்டுகளின் பெட்டிகள் கொஞ்சம். இதைக் கேட்டதும் நம்மவர்கள் ஆஹா, எவ்வளவு உன்னதமான பண்டமாற்று என்று உருகுவார்கள். மிரோவுக்கும் ஹாக்னிக்கும் அது சரி. அவர்களுக்கு வாடகை பாக்கி இல்லை, அந்தப் பெட்டியை ஏலத்தில் விட்டாலே பெரும் பணம். அதையே முன்மாதிரியாகக் காட்டி, சென்னையில் இருபத்தாறு வயதில் வரைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் புது மதுக் கம்பெனி ஒன்று லேபிளுக்குப் பன்னிரண்டு பாட்டில் தருகிறோம் என்றது. எனக்குத் தெரிந்த பெண். அவள் குடிப்பதில்லை. வீட்டு ஓனரம்மாவுக்கு வாடகையாகப் பாட்டிலைக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த லேபிள் வெளிவந்தது, யாரோ இன்னொருவர் வரைந்தது.

நாம் மட்டும் யோக்கியமா? தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் ஆதிமூலம் வரைந்த எழுத்துருக்களும் அட்டைகளும் இல்லாமல் நம்முடைய நவீன இலக்கியத்துக்கு ஒரு முகமே இருந்திருக்காது. அந்த உறவு நட்பில் நடந்தது, சரி. அதற்குப் பின்னால் வந்தவர்கள் நட்பை விலைப்பட்டியலாக மாற்றிக்கொண்டோம்: அட்டை வரைந்தால் இரண்டு பிரதி இலவசம். கவிதைத் தொகுப்புக்கு இணையத்திலிருந்து ஓர் ஐரோப்பிய ஓவியத்தை இறக்கி ஒட்டிவிட்டு, உள்ளே பெயர்கூடப் போடாத புத்தகங்கள் என் அலமாரியிலேயே இருக்கின்றன. ஆனால் அதே புத்தகத்தின் உள்பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867இல் ஆங்கிலேய அரசு போட்ட சட்டம் அது: அச்சிட்டவர் பெயர் இல்லாமல் எதையும் அச்சிடக் கூடாது. ராஜதுரோகம் எழுதினால் யாரைப் பிடிப்பது என்பதற்காகப் போட்டது. நோக்கம் கண்காணிப்பு. ஆனாலும் அதன் தயவில் நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு சிற்றூர் அச்சகத்தின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. எகிப்துக் காய்க்கு நடந்ததேதான்.

ஓவியர் லேபிளே கூடாது என்கிறேனா? இல்லை. ஆஸ்திரேலியாவின் மேற்கு முனையில் மார்கரெட் ரிவர் பகுதியில் லூவின் எஸ்டேட் என்று ஒன்று உண்டு. மாடு மேய்ந்த நிலம். கலிஃபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவி நிலம் தேடி 1972இல் அந்தப் பக்கம் வந்து அந்த இடத்தைக் காட்டினார். ஹோர்கன் குடும்பம் எழுபதுகளின் நடுவில் கொடி நட்டது. திராட்சைக்கொடி பொறுமையைச் சோதிக்கிற பயிர்: நட்ட மூன்றாவது வருஷம்தான் பயன்படுகிற பழம், அது நன்றாக ஆக இன்னும் சில வருஷம். 1979இல்தான் விற்பனைக்கான முதல் ஒயின். எந்தத் துண்டு நிலத்தில் சார்டனே நன்றாக வருகிறது என்று பார்த்து அந்தத் துண்டை எண் போட்டே பேசினார்கள்: பிளாக் 20. தலைமை ஒயின் தயாரிப்பாளர் பாப் கார்ட்ரைட் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். அவர் யார் என்று அந்த ஒயினைக் குடிக்கிறவர்களுக்குத் தெரியும். இதற்கு மேல்தான் ஓவியங்கள் வந்தன. ரீஸ்லிங் பாட்டிலில் ஜான் ஓல்சன் வரைந்த தவளைகள் குதிக்கின்றன. எனக்கு அந்தத் தவளைகளைப் பிடிக்கும். சாய்ந்து ஒழுகுகிற கோடுகள், ஈரமான மண்ணைப் பார்த்தது போல இருக்கும். முதலில் கொடி, பிறகு பழம், பிறகு ஆள், கடைசியில் தவளை. அவ்வளவுதான் நான் கேட்பது.

நம்மூர்ப் புதுக் கம்பெனிகள் சிலவற்றில் இந்த வரிசை எப்படி இருக்கிறது என்றால், முதலில் பிராண்ட் பெயர், அப்புறம் ஓவியர், அப்புறம் இன்ஸ்டாகிராம் பக்கம், எல்லாம் தயாரான பிறகு சந்தையில் பழம் எங்கே மலிவு என்று விசாரணை. எங்கள் மென்பொருள் தொழிலிலும் இப்படி லோகோ மட்டும் பளபளக்க நிரலே எழுதப்படாத கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே முதலீட்டாளர் பணம் போகும், தொலையட்டும். பழத்தில் போவது வேறு.

2023 செப்டம்பர். ஷம்பேன் அறுவடை. அந்த வட்டாரத்து விதிப்படி ஷம்பேனுக்கான பழத்தை இயந்திரத்தால் பறிக்கக் கூடாது. கையால்தான் பறிக்க வேண்டும். கை என்றால் யாருடைய கை? அந்த அறுவடையில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், மனிதர் தங்கத் தகாத இடத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. 2025 ஜூலையில் ஷாலோன்-ஆன்-ஷம்பேன் நீதிமன்றம் இந்த வழக்கில் மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றத்தில் தண்டித்தது. ஷம்பேன் கம்பெனிகளும் ஓவியர்களை வைத்துப் பாட்டிலையும் பெட்டியையும் அலங்கரிப்பவைதான். தங்கத்தாளில் ஓவியர் பெயர் மின்னும்.

ஆண்டு குறிப்பிட்ட ஷம்பேன் குறைந்தது மூன்று வருஷம் நிலவறையில் கிடந்த பிறகே வெளியே வர வேண்டும் என்பது விதி. 2023 என்ற எண் போட்ட பாட்டில்கள் கடைக்கு வரும். எந்த வீடு, எந்த ஊர், சர்க்கரை எவ்வளவு, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று லேபிள் சொல்லும், அதிர்ஷ்டம் இருந்தால் முன்பக்கத்தில் ஒரு நல்ல ஓவியமும் இருக்கும். அந்த ஐம்பத்துச் சொச்சம் பேர் பறித்த குலைகள் எந்தெந்தப் பாட்டிலுக்குள் போயின என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.